இன்ஸ்பெக்டரை மாற்றுவது யார்? ஆசிய நாடுகளின் போலீஸ் பற்றி ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான்: ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் ஜனங்கள் பயமில்லாமல் போலீஸிடம் போகிறார்கள், இந்தியாவிலும் இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் ஏன் அப்படி இல்லை, அவர்களுடைய முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரியாகிவிடாதா?

வழக்கமாக இதற்கு வரும் பதில், அந்த ஊர் ஜனங்கள் ஒழுக்கமானவர்கள், நாம் இப்படித்தான் என்று முடியும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. 1973-இல் ஹாங்காங் போலீஸ் எந்த லட்சணத்தில் இருந்தது, 1987-இல் தென்கொரியப் போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குற்றவியல் பக்கம் வழக்கு நடத்துகிறவன் நான். எந்த நாட்டுப் போலீஸைப் பற்றிப் படித்தாலும் முதலில் தேடுவது, இன்ஸ்பெக்டரைத் தூக்கியடிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அவர்மேல் புகார் வந்தால் விசாரிப்பது யார் என்பதைத்தான். சம்பளம், பயிற்சி, புது யூனிஃபார்ம் எல்லாம் அதற்கப்புறம்.

ஜப்பானிலிருந்தே ஆரம்பிக்கலாம், எல்லோரும் அதைத்தானே காட்டுகிறார்கள். அங்கே தெருமுனைகளில் கோபன் என்று சின்னச் சின்ன போலீஸ் நிலையங்கள், நாடு முழுக்க சுமார் 6,000. கிராமப்புறத்தில் போலீஸ்காரர் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வீடும் நிலையமுமான இடங்கள் தனி. கோபன் வாசலில் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே அந்தப் பகுதியின் பெரிய வரைபடம் இருக்கும், வழி கேட்பவர்களுக்கு வழி சொல்வார்கள், தொலைந்த குடையையும் பர்ஸையும் வாங்கிப் பதிவு செய்வார்கள். டோக்கியோவில் பர்ஸைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகக் காசில்லாமல் நின்றால் 1,000 யென் வரை கடனாகவும் கொடுப்பார்கள். அப்புறம் வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் ஒரு ஸ்டேஷனுக்குள் போய் பஸ்ஸுக்குக் காசு கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் கோபன் வெளியே தெரிகிற பகுதிதான். 1947-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பின்போது ஜப்பான் போலீஸை ஊர் ஊராக உடைத்துப் போட்டார்கள், அது கட்டுப்படியாகவில்லை, 1954-இல் புதுச் சட்டம் கொண்டுவந்து 47 மாநில அளவிலான போலீஸ் படைகளாக மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பொதுப் பாதுகாப்பு ஆணையம், தேசிய அளவில் ஒன்று. நியமனத்துக்கு முந்தைய 5 வருஷத்துக்குள் போலீஸிலோ அரசு வழக்கு நடத்தும் வேலையிலோ இருந்தவர் உறுப்பினராக முடியாது. தேசிய ஆணையத்துக்குத் தலைவர் ஒரு அமைச்சர்தான், ஆனாலும் ஒரே கட்சிக்காரர்களைப் பெரும்பான்மையாக உட்காரவைக்க முடியாது. இந்த ஆணையங்கள் போலீஸ் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகின்றன என்ற குற்றச்சாட்டு ஜப்பானிலேயே உண்டு. இருந்தாலும், உள்ளூர் அரசியல்வாதி போன் போட்டு ஒரு நிலைய அதிகாரியை மாற்றும் வழி அடைபட்டது.

இதோடு நிறுத்திக்கொண்டு ஜப்பானைக் கொண்டாடுகிறவர்கள் அதன் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. அங்கே ஒருவரைக் கைது செய்தால் குற்றப்பத்திரிகை இல்லாமலேயே 23 நாள் வரை வைத்திருக்கலாம், அதுவும் பெரும்பாலும் போலீஸ் லாக்கப்பிலேயே. விசாரணையின்போது வக்கீல் கூட உட்கார முடியாது. வழக்குக்குப் போனவர்களில் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனை. இந்த முறை என்ன செய்யும் என்பதற்கு ஹகமாடா இவாவோ வழக்கு போதும். முன்னாள் குத்துச்சண்டை வீரர், 1966-இல் நால்வர் கொலையில் கைது, வாரக்கணக்கில் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 மணி நேரம் விசாரணை, ஒப்புதல் வாக்குமூலம், 1968-இல் தூக்குத் தண்டனை. 2024 செப்டம்பரில்தான் மறுவிசாரணையில் நிரபராதி என்று தீர்ப்பு. ஆதாரங்களை விசாரணை அதிகாரிகளே ஜோடித்திருக்கிறார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதம் அந்தப் பகுதியின் போலீஸ் தலைவர் வீடு தேடிப் போய், 88 வயதான அவர்முன் குனிந்து மன்னிப்புக் கேட்டார். விசாரணையை ஒளிப்பதிவு செய்வது கட்டாயமானது 2019-இல்தான், அதுவும் கடுமையான வழக்குகள் போன்ற ஒரு சிறு பகுதிக்கு மட்டும்.

நம் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் ஜப்பானைவிட மேல். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இங்கே சாட்சியமாகச் செல்லாது, 1872-லிருந்தே. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அப்படியானால் அடி ஏன் நிற்கவில்லை? பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு (புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது): வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆக, கத்தியோ நகையோ 'எடுத்துக் கொடுத்தால்' போதும், அதை எடுக்கவைக்கத்தான் அடி. அப்புறம் ரிமாண்டுக்குக் கொண்டுவருவார்கள். போலீஸ் அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்பார், கேட்கும்போது அடித்தவரே ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருப்பார், பையன் இல்லை என்று தலையாட்டுவான். கையில் மாவுக்கட்டு எப்படி என்றால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான். தமிழ்நாட்டு ஸ்டேஷன் பாத்ரூம்களைப் போல வழுக்கும் இடம் உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது.

சரி, ஜப்பானைக் காப்பியடித்தவர்கள் யாராவது உண்டா? இரண்டு நாடுகள் உண்டு, முடிவு நேர் எதிர்.

சிங்கப்பூர் 1983-இல் தோவா பாயோவில் கோபன் மாதிரி அக்கம்பக்கப் போலீஸ் நிலையங்களை ஆரம்பித்தது, நன்றாகவே ஓடியது. ஆனால் அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே அடிப்படை வேலையை முடித்துவிட்டார்கள். 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் ஒரு பெரிய அபின் சரக்கு கொள்ளை போனது, அதில் போலீஸ் துப்பறிவாளர்களே சம்பந்தப்பட்டிருந்தார்கள். போலீஸுக்குள்ளேயே இருந்த லஞ்ச ஒழிப்புப் பிரிவு போலீஸையே பிடிக்காது என்று தெரிந்துபோய், 1952-இல் தனி லஞ்ச விசாரணைப் பிரிவை அமைத்தார்கள். இன்று அது பிரதமர் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பிரதமரே ஒரு விசாரணைக்கு அனுமதி மறுத்தாலும் அதிபர் இசைந்தால் அது தொடரலாம்.

பாகிஸ்தான் 2002-இல் முஷாரஃப் காலத்தில் 1861-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜப்பானைப் பார்த்துப் பொதுப் பாதுகாப்பு ஆணையங்களைப் புகுத்திப் புது ஆணை கொண்டுவந்தது. காகிதத்தில் பிரமாதம். இரண்டே வருஷத்தில் திருத்தங்கள் வந்து அரசியல்வாதிகளின் பிடி திரும்ப வந்தது, பல இடங்களில் ஆணையங்களை ஒழுங்காக அமைக்கவே இல்லை, 2011-இல் சிந்து மாகாணம் பழைய 1861 சட்டத்துக்கே திரும்பிப் போனது. 2019-இல் மறுபடி 2002 ஆணையைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

அந்த 1861 சட்டம்தான் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றுக்கும் பொது வேர். 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு வேண்டியது மறுபடி ஒரு கலகம் வராமல் பார்த்துக்கொள்ளும் படை. அதனால் லண்டன் போலீஸை விட்டுவிட்டு, அயர்லாந்தை அடக்கிவைக்க உருவாக்கிய ஆயுதப் போலீஸை மாதிரியாக எடுத்தார்கள். மேலே இருக்கிற அரசாங்கத்துக்குப் பதில் சொன்னால் போதும், ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை மாகாணம் இதில் முன்னோடி, 1859-லேயே மாவட்டப் போலீஸ் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் 1854-இல், வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதையை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். விரலை இடுக்கி நசுக்கும் கிட்டி, ஆளைக் குனியவைத்துக் கட்டிப்போடும் அனந்தால் எல்லாம் அந்த அறிக்கையில் விவரமாகவே இருக்கின்றன. படித்தால், சித்திரவதைக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து இன்னும் கட்டுக்கோப்பான ஒரு போலீஸ்தானே என்று சிரிப்பு வரும்.

சுதந்திரம் வந்தும் சட்டம் போகவில்லை. நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977-இல் தரம்வீரா தலைமையில் தேசியப் போலீஸ் கமிஷன், 1981-க்குள் எட்டு அறிக்கைகள், எல்லாம் அலமாரிக்கு. 1996-இல் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி பிரகாஷ் சிங் உச்ச நீதிமன்றம் போனார், 2006 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. டி.ஜி.பி.க்கும் எஸ்.பி., நிலைய அதிகாரிக்கும் குறைந்தது 2 வருஷப் பதவிக்காலம், இடமாற்றங்களை முடிவு செய்யப் போலீஸ் அதிகாரிகளே அடங்கிய வாரியம், புலன்விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, போலீஸ்மேல் வரும் புகாரை விசாரிக்க நீதிபதி தலைமையில் தனி ஆணையம் என்று ஏழு கட்டளைகள். மாநிலங்கள் இதிலிருந்து தப்பித்த விதம் தனிக் கலை. தமிழ்நாடு 2013-இல் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் என்றே ஒன்று போட்டது. அதில் மாநிலப் புகார் ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், கூட டி.ஜி.பி.யும் ஏ.டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் கலெக்டர் தலைமை. யார்மேல் புகாரோ அவருடைய மேலதிகாரியிடமே புகாரைக் கொடு என்பதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்.

இடமாற்றம் என்பது வெறும் நிர்வாக விஷயம் இல்லை. ஒரு இன்ஸ்பெக்டருக்குப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது 400 கிலோமீட்டர் தள்ளி ஒரு உத்தரவு வந்தால், அல்லது 'காத்திருப்போர் பட்டியலுக்கு' என்று ஒற்றை வரி வந்தால் போதும், அடுத்தவர் பாடம் கற்றுக்கொள்வார். மணல் லாரியைப் பிடிக்கலாமா வேண்டாமா என்பது அங்கேதான் முடிவாகிறது. வீட்டு வேலைக்குப் போலீஸ்காரர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையைத் தமிழ்நாட்டில் 1979-லேயே அரசாணை போட்டு ஒழித்தாகிவிட்டது. 2022-இல் உயர் நீதிமன்றம் அதே முறையை ஒழிக்கச் சொல்லி மறுபடி கண்டிக்க வேண்டியிருந்தது. கான்ஸ்டபிளும் இந்த அமைப்பில் மாட்டிக்கொண்டவர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ஹாங்காங். எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த கதை இதுதான்.

1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங் போலீஸில் மாமூல் ஒரு தனி ஆளின் தப்பு இல்லை, அது ஒரு நிறுவனம். சூதாட்ட விடுதி, போதை, விபச்சாரம் எல்லாவற்றிலிருந்தும் வசூல், பிரித்துக் கொடுக்கக் கணக்குப்பிள்ளை மாதிரி சார்ஜெண்டுகள். புதிதாக வேலைக்குச் சேருகிறவரிடம் சொல்வார்களாம்: பஸ்ஸில் ஏறிக்கொள், இல்லாவிட்டால் பஸ்ஸோடு கூட ஓடி வா, ஆனால் பஸ்ஸுக்கு முன்னால் மட்டும் நிற்காதே. இது விசாரணைக் கமிஷன் அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தச் சமயத்தில் பீட்டர் காட்பர் என்ற தலைமைக் கண்காணிப்பாளரிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சொத்து இருப்பது தெரியவந்தது. 20 வருஷத்துக்கு மேல் அவர் வாங்கிய மொத்தச் சம்பளத்தைப் போல ஆறு மடங்கு. விளக்கம் கேட்டார்கள். மனிதர் 1973 ஜூனில் தன்னுடைய போலீஸ் விமான நிலையப் பாஸைக் காட்டி விமானம் ஏறி லண்டன் போய்விட்டார். தெருவில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. ஆளுநர் மக்லஹோஸ் 1974 பிப்ரவரியில் போலீஸுக்கு வெளியே, நேராகத் தனக்கு மட்டும் பதில் சொல்லும் லஞ்ச ஒழிப்பு ஆணையத்தைத் தொடங்கினார். 1975 ஜனவரியில் காட்பரைத் திரும்பக் கொண்டுவந்து 4 வருஷம் உள்ளே வைத்தார்கள்.

பலரும் இங்கேயே கதையை முடித்துவிடுவார்கள். 1977 அக்டோபரில், பிடிபடுகிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, போலீஸ்காரர்கள் கூட்டமாகத் திரண்டு ஊர்வலம் போய், அவர்களில் ஒரு கும்பல் ஆணைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து ஆட்களை அடித்தது. அரசு ஒரு படி இறங்கி வந்தது: 1977 ஜனவரி 1-க்கு முந்தைய குற்றங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம் என்று ஒரு பகுதி மன்னிப்பு. நியாயமா என்றால் இல்லை, கோடிகளைச் சுருட்டியவர்கள் தப்பித்தார்கள். ஆனால் ஆணையத்தைக் கலைக்கவில்லை, அன்றையிலிருந்து புதிதாக வாங்கியவன் மாட்டினான். ஒரு தலைமுறையில் மாமூல் கூட்டு உடைந்தது. அதற்காக அங்கே எல்லாம் சுபம் என்று அர்த்தமில்லை. 2019 போராட்டங்களில் போலீஸ் நடந்துகொண்டதை விசாரிக்க அழைக்கப்பட்ட வெளிநாட்டு நிபுணர்கள், கண்காணிப்பு அமைப்புக்குப் போதிய அதிகாரமே இல்லை என்று சொல்லி விலகினார்கள். லஞ்சத்தை ஒழிப்பதற்கு ஒரு பூட்டு, அடியை நிறுத்த வேறு பூட்டு.

தென்கொரியாவில் அந்த இரண்டாவது பூட்டைத் திறந்தது 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சுல் என்ற சோல் பல்கலைக்கழக மாணவரின் சாவு. விசாரணையில் மேஜையைத் தட்டினோம், 'ஓக்' என்று சத்தம் போட்டுச் செத்துவிட்டான் என்றது போலீஸ். அழைத்துப் போன டாக்டர் தரையெல்லாம் தண்ணீர் என்று பத்திரிகைக்குச் சொன்னார், உடலை உடனே எரிக்க அனுமதி கேட்டபோது ஒரு அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார். அந்த இரண்டு பேர் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டிருந்தால் தண்ணீரில் முக்கிக் கொன்றது வெளியே வந்திருக்காது. அந்த ஜூனில் ராணுவ ஆட்சியை அசைத்த போராட்டத்துக்கும் பொறி கிடைத்திருக்காது. அந்த விசாரணைக் கட்டடம் இன்று நினைவிடம். 2024 டிசம்பரில் அதிபர் ராணுவச் சட்டம் அறிவித்தபோது நாடாளுமன்றத்தை மறித்த வழக்கில் தேசியப் போலீஸ் தலைவரே கைதானார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தோனேசியா போலீஸை 1999-இல் ராணுவத்திலிருந்து பிரித்தது, பெரிய சீர்திருத்தம்தான். ஆனால் பிரித்தபின் நேராக அதிபரிடம் மட்டும் பதில் சொல்லும் ஒரு பெரிய அமைப்பாக அது வளர்ந்தது, வெளிக் கண்காணிப்பு ஆலோசனை சொல்வதோடு சரி. 2022-இல் ஃபெர்டி சாம்போ என்ற ஜெனரல் தன் உதவியாளரைக் கொன்றுவிட்டு, துப்பாக்கிச் சண்டை நடந்தது என்று கதை கட்டி, சிசிடிவி பதிவுகளையும் அப்புறப்படுத்தினார். அவர் வகித்த பதவி என்ன தெரியுமா? போலீஸ்காரர்களின் தப்பை விசாரிக்கும் உள் ஒழுங்குப் பிரிவின் தலைவர்.

மலேசியாவில் 2005-இல் அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகள் கொடுத்தது, முக்கியமானது தண்டிக்கும் அதிகாரமுள்ள சுதந்திரமான புகார் ஆணையம். போலீஸ் தரப்பு எதிர்த்தது, மசோதா வந்து வந்து போனது, கடைசியில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது பரிந்துரைக்க மட்டும் அதிகாரமுள்ள ஒன்று. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அமைப்புக்கு இன்னமும் உள்துறை அமைச்சர்தான் தலைவர். அங்கே இது நம் ஜனங்களின் பிரச்சனையும்கூட: மக்கள்தொகையில் 7 சதவீதம் போல இருக்கும் இந்தியர்கள், பெரும்பாலும் தமிழர்கள், லாக்கப் சாவுகளில் அந்த விகிதத்தைத் தாண்டியே வருகிறார்கள். 2009 ஜனவரியில் லாக்கப்பில் இறந்த குகனுக்கு நுரையீரலில் நீர் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடாப்பிடியாக இரண்டாவது பரிசோதனை கேட்டு வாங்கியபிறகுதான் காயங்கள் பட்டியலாயின.

இலங்கையின் தேசியப் போலீஸ் ஆணைக்குழுவைப் பார்த்தால் அரசியல் வானிலை தெரியும். 2001-இல் அரசியலமைப்பின் 17-ஆவது திருத்தம் அதைக் கொண்டுவந்தது, 18-ஆவது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது, 19 திரும்பக் கொடுத்தது, 20 மறுபடி பிடுங்கியது, 2022-இல் 21 மறுபடி கொடுத்தது. ஒரு சித்திரவதை வழக்கில் அடிப்படை உரிமையை மீறியவர் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தேசபந்து தென்னகோனைத்தான் அடுத்து போலீஸ் மா அதிபராக நியமித்தார்கள். 2024-இல் நீதிமன்றம் அவர் பணியாற்றத் தடை போட்டு, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் வாக்களித்து அவரை நீக்கியது. அந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 1987-இன் 13-ஆவது திருத்தம் மாகாணங்களுக்கு எழுதிக்கொடுத்த போலீஸ் அதிகாரம் இன்றுவரை எழுத்திலேயேதான் இருக்கிறது. தமிழ் தெரியாத ஸ்டேஷனில் தன் புகாரை என்னவென்று எழுதிக்கொண்டார்கள் என்று தெரியாமலே கையெழுத்துப் போடும் வடக்கு, கிழக்குக்காரருக்கு எந்த ஆணைக்குழு இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

ஆகவே அப்படியே கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு: கோபன் வேண்டாம், நமக்கு முச்சந்திகளில் பூட்டிக் கிடக்கும் போலீஸ் பூத்துகளே போதும். எடுக்க வேண்டியது ஹாங்காங், சிங்கப்பூர் இரண்டிலும் இருக்கும் ஒரே அம்சம், அதாவது விசாரிக்கிறவர் மறுபடி போலீஸ் வேலைக்குத் திரும்ப வேண்டியவராக இல்லாதது. அங்கே அந்த அமைப்புகள் தங்களுக்கென்று ஆள் எடுக்கின்றன. தமிழ்நாட்டின் லஞ்ச ஒழிப்புத் துறையில் இருப்பவர்கள் போலீஸிலிருந்து சில வருஷத்துக்கு வந்தவர்கள், நாளைக்கு அதே ஸ்டேஷன்களுக்குப் போகிறவர்கள், இன்று பிடிக்கும் ஆள் நாளைக்கு மேலதிகாரியாக வரலாம். இதை மாற்ற நாளாகும். புகார் ஆணையத் தலைவர் நாற்காலியில் உள்துறைச் செயலாளருக்குப் பதில் ஓய்வுபெற்ற நீதிபதியை உட்காரவைக்க ஒரு சட்டத் திருத்தம் போதும், செலவும் பெரிதாக இல்லை.

அதுவரைக்கும் நடைமுறையில் ஒன்று. உங்கள் ஆள் யாருக்காவது ஸ்டேஷனில் அடி விழுந்தது என்று தெரிந்தால், அன்றைக்கே எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் எழுத்தில் மனு கொடுத்து அந்த நேரத்துச் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லுங்கள். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லாத இடத்திலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது. கேமரா பழுது என்று பதில் வரும். அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், என்றைக்கிலிருந்து பழுது, யாருக்குத் தகவல் கொடுத்தார்கள் என்பதோடு சேர்த்து.